"ரூம் போய்விட்டது": இனப்பாகுபாடு பற்றிப் பேச ஏன் இவ்வளவு தயக்கம்?

வாசகர் கேள்வி, 18 ஜூலை 2025

சிங்கப்பூரில் இனவெறியே கிடையாது, நாலு மொழியிலும் அறிவிப்புப் பலகை வைக்கிற நாடு என்கிறான் என் அண்ணன். அங்கே வேலை பார்த்துத் திரும்பிய நண்பனோ ஊர்ப் பெயரைச் சொன்னாலே எரிந்து விழுகிறான். இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்தேன், பத்து நிமிடத்தில் சண்டை. அங்கேயே இருப்பவர் நீங்கள். எது உண்மை? இதைப் பற்றி ஏன் யாராலும் நிதானமாகப் பேச முடியவில்லை?

19 ஜூலை 2025

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதனால்தான் சண்டை.

நான் 1999-ல் வந்தேன். முதல் மாதம் கம்பெனி விடுதி, அப்புறம் நீயே அறை பார்த்துக்கொள் என்றார்கள். ஆங்கிலப் பேப்பரில் வரி விளம்பரங்களை வட்டமிட்டுக்கொண்டு, தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த பொதுத் தொலைபேசியில் பத்துக் காசு பத்துக் காசாகப் போட்டுக் கூப்பிட்டேன். பதினொரு அழைப்பு. அறை இருக்கிறதா? இருக்கிறது. எப்போது வந்து பார்க்கலாம்? அங்கே கொஞ்சம் மௌனம். "யூ இந்தியன் ஆ?" ஆமாம். "ஐயோ சாரி, ரூம் டேக்கன் ஆல்ரெடி."

யாரும் திட்டவில்லை. ஒரு அம்மா உண்மையாகவே வருத்தப்பட்ட குரலில், வேறு இடம் கிடைக்கட்டும் என்றுகூடச் சொன்னார். உங்கள் நண்பரிடம் "யாராவது அடித்தார்களா, கெட்ட வார்த்தை சொன்னார்களா" என்று கேட்டுப் பாருங்கள், சொல்ல ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாததற்கு ஏன் எரிந்து விழுகிறான் என்று உங்கள் அண்ணன் நினைப்பார்.

19 ஜூலை, இரவு

இன்னொன்று. "இனவெறி" என்று நீங்கள் எழுதிய அந்தச் சொல்லே பாதி வில்லங்கம். வெறி என்றால் நமக்கு வெறிநாய் ஞாபகம் வரும், வாயில் நுரை தள்ளணும். தமிழில் யாரிடமாவது "உனக்கு இனவெறி" என்று சொல்லிப் பாருங்கள். அவன் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான், நுரை இல்லை, உடனே "எனக்கா? எனக்கெல்லாம் வெறி கிடையாது" என்பான். பொய்யும் இல்லை. தொலைபேசியில் பேசிய அந்த அம்மாவுக்கு ஒரு வெறியும் இல்லை. சாதிவெறி என்ற சொல்லாலும் இதே தொல்லைதான். வெட்டரிவாள் எடுத்தவனுக்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு, மற்றவர்கள் எல்லாரும் "எங்க வீட்ல அதெல்லாம் பாக்குறதில்ல" என்று போய்விடுகிறோம்.

பாகுபாடு, ஒதுக்கல், பாரபட்சம், இளப்பம் என்று அளவு அளவாகச் சொற்கள் இருக்கின்றன. சண்டை வந்ததும் பெரிய சட்டையைத்தான் எடுத்து மாட்டுகிறோம்.

21 ஜூலை 2025

இன்று இன நல்லிணக்க நாள். 1997-லிருந்து பள்ளிகளில் கொண்டாடுகிறார்கள். தேதிக்குக் காரணம் 21 ஜூலை 1964: நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் மூண்ட கலவரம். அந்த மாதம் 23 பேர், செப்டம்பரில் மறுபடி மூண்டபோது 13 பேர் இறந்தார்கள். இங்கே இனத்தைப் பற்றிய எந்தப் பேச்சுக்குப் பின்னாலும் அந்தக் கணக்கு நிற்கிறது. வாயைத் திறந்தால் தெரு பற்றி எரியும் என்று பயந்து வளர்ந்த தலைமுறையிடம் மனம்விட்டுப் பேசு என்றால் எப்படிப் பேசும்?

என் மகள் இன்று சீனத் தோழியின் சொங்சாமைப் போட்டுக்கொண்டு போனாள். தோழி இவளுடைய பாவாடை தாவணியில். வகுப்பில் ஆளுக்கு ஒன்று தங்கள் இனத்தைப் பற்றிச் சொல்லணுமாம். இவள் முறுக்கைப் பற்றிச் சொன்னாளாம்.

"வேற எதுவும் தோணலையாடா?"

"தோணுச்சுப்பா. பிரைமரி த்ரீல ரெண்டு பேர் என் கையை எச்சில் தொட்டுத் தேய்ச்சுப் பாத்தாங்கல்ல, கலர் போகுதான்னு. அதைச் சொல்லலாம்னு நெனச்சேன். ஆனா அந்த ரெண்டு பேர்ல ஒருத்திதான் இன்னிக்கு என் தாவணியைப் போட்டுருந்தா. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. எதுக்கு."

கையைத் தேய்த்தது எனக்கு இன்றுதான் தெரியும். ஆறு வருஷம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் பள்ளிக்கு வந்து கத்துவார் என்று பயமாம். கத்தியிருப்பேன்தான்.

22 ஜூலை 2025

"அங்கேதான் கடுமையான சட்டம் இருக்கிறதே" என்று ஒருவர். இருக்கிறது. இனங்களுக்கிடையே பகை மூட்டினால் சட்டம் பாயும். இந்த பிப்ரவரியில் இன நல்லிணக்கத்தைப் பேணும் சட்டம் என்று தனியாக ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வேலையிடத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க ஜனவரியில் ஒரு சட்டம் நிறைவேறியது, 25 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களுக்கு இப்போதைக்கு விலக்கு. ஆனால் "ரூம் டேக்கன் ஆல்ரெடி" என்பதை எந்தப் பிரிவில் பிடிப்பீர்கள்?

விளம்பரத்தில் இன்ன இனத்தார் வேண்டாம் என்று போடக்கூடாது என்று வீட்டு முகவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் விளம்பர மொழி நாகரிகம் ஆகிவிட்டது. "நோ இந்தியன்ஸ்" போய் "லைட் குக்கிங் ஒன்லி" வந்திருக்கிறது. எல்லாருக்கும் புரியும். சமையலா, சமைப்பவனா என்று யாரும் கேட்பதில்லை. 2011-ல் ஒரு இந்தியக் குடும்பம் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கும்போது கறி சமைக்கக் கூடாது என்று தீர்ப்பே வந்ததே!

24 ஜூலை 2025

பன்னிரண்டாவது அழைப்பு என்ன ஆனது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கிழவர் ஒருவர் எடுத்தார். யூ இந்தியன் ஆ, ஆமாம். மௌனம் இல்லை. "யூ புட் ஆயில் ஆன் ஹெட் ஆர் நாட்?"

எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. காசு தீரப்போகிற பீப் சத்தம் வேறு. போடுவேன் என்றேன். "ஓகே, கம் அண்ட் சீ."

போனேன். பெயர் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. நேராக அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டிலுக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். வெள்ளைச் சுண்ணாம்பில் தலையளவுக்கு வட்டமாக ஒரு பழுப்புக் கறை, ஓரங்களில் மஞ்சளாக மங்கி, நடுவில் மினுமினுப்பாக. முன்னே இருந்தவன் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு வருஷம் புத்தகம் படித்த கறை. மூன்று தடவை பெயின்ட் அடித்தாராம், ஊறி ஊறி வெளியே வந்துவிட்டதாம். அவர் சொன்ன நிபந்தனை: எண்ணெய் போடு, அது உன் தலை, ஆனால் என் சுவரில் சாயாதே. தலையணை உறையை நீயே துவைத்துக்கொள். வாடகை 350 வெள்ளி.

அந்த ஆள் பாகுபாடு பார்த்தாரா? பார்த்தார். ஒரு சீனப் பையனிடம் தலையைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் பதினொரு பேர் மரியாதையாகப் பொய் சொன்ன இடத்தில் இவர் ஒருவர்தான் மரியாதையில்லாமல் தன் பிரச்சினை என்ன என்று காட்டினார். சுவர் இருந்தது, கறை இருந்தது, பதில் சொல்ல முடிந்தது.

இதை வைத்து "பார்த்தாயா, மூஞ்சிக்கு நேராகப் பேசினால் போதும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆறு மாதம் எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவே இல்லை.

25 ஜூலை 2025

நீங்கள் கறை விடாமல் இருந்தீர்களா என்று ஒருவர். இல்லை. விட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் சின்ன டப்பா பெயின்ட் வாங்கி அடித்தேன். அவர் சுவர் வெள்ளை வேறு, என் டப்பா வெள்ளை வேறு. கறையைவிட அது பளிச்சென்று தெரிந்தது.

27 ஜூலை 2025

இதுவரை எழுதியதில் நான் பாதிக்கப்பட்டவன். படிப்பவர்கள் எல்லாரும் என் பக்கம், எழுதவும் சுகமாக இருக்கிறது. இனி எழுதப்போவதில் அந்தச் சுகம் இல்லை.

2022-ல் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டோம். அந்த வருஷம் வாடகை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தது, அறை தேடி நாள் முழுக்கப் போன். ஒருநாள் ஒரு பையன், படிக்க வந்தவன், நல்ல ஆங்கிலம். எந்த நாடு என்று கேட்டேன், நைஜீரியா என்றான். என் வாயிலிருந்து வந்தது: "ஓ சாரி, ரூம் டேக்கன் ஆல்ரெடி."

மனைவிக்குப் பிடிக்கவில்லை. வயசுப் பெண் இருக்கிற வீடு, தெரியாத ஆள், நாலு பேர் என்ன சொல்வார்கள். நானும் அதற்குமேல் பேசவில்லை. அந்தப் பையன் "நோ ப்ராப்ளம், தேங்க் யூ சார்" என்றான். என்னைப் போலவே பழகியிருந்தான்.

அறை அடுத்த பதினைந்து நாளும் காலியாகத்தான் கிடந்தது.

28 ஜூலை 2025

திட்டியவர்களுக்கு நன்றி. "பரவாயில்லை, எல்லாரும் செய்வதுதானே" என்று ஆறுதல் சொன்னவர்கள்தான் என்னைப் படுத்திவிட்டார்கள்.

3 ஆகஸ்ட் 2025

திருத்தம். கறி விவகாரத்தில் "தீர்ப்பு" என்று எழுதியது தப்பு. நீதிமன்றமே இல்லை, சமூக மத்தியஸ்த நிலையத்தில் நடந்தது. சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், பக்கத்தில் இந்தியக் குடும்பம். சீனாக்காரர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் இந்தியர்கள் கறி சமைப்பது, பதிலுக்குச் சீனாக்காரர்கள் அந்தக் கறியை ஒருமுறை சாப்பிட்டுப் பார்ப்பது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட உடன்பாடு. அதுவும் சில வருஷத்துக்கு முந்தையது, பேப்பரில் வந்ததுதான் 2011 ஆகஸ்ட். வந்ததும் ஊரே கொதித்தது. அந்த மாதம் 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரு பானை கறி வையுங்கள் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு, பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள் எல்லாரும் வைத்தார்கள். எங்கள் புளோக்கிலும் மணம் தூக்கியது.

இத்தனை வருஷமாக நான் அதைத் தீர்ப்பு என்றே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். தீர்ப்பு என்றால் கோபப்படச் சௌகரியமாக இருக்கிறது. இன்னொன்றும் அப்போது கவனிக்காதது: அந்தக் கறி ஒற்றுமையில் பாதிக்குப் பாதி, புதிதாக வந்த சீனாக்காரர்கள் மேல் இருந்த எரிச்சல். உள்ளூர்ச் சீனரும் நாமும் சேர்ந்து ஒருவரை வெளியே நிறுத்தினோம்.

10 ஆகஸ்ட் 2025

பெரிய திருத்தம். மனைவி இந்த இழையைப் படித்துவிட்டாள்.

நேற்று தேசிய தின அணிவகுப்பு டிவியில் ஓடிக்கொண்டிருந்தது, அறுபதாம் ஆண்டு, ஊரெல்லாம் வாணவேடிக்கை. எங்கள் வீட்டில் வேறு வேடிக்கை.

"எனக்குப் பிடிக்கலைன்னு எழுதிருக்கீங்க. எங்கிட்ட எப்பக் கேட்டீங்க?"

"அன்னிக்கு ராத்திரி சொன்னேனே."

"ராத்திரி சொன்னீங்க. போன் வந்தது மத்தியானம். வச்சதுக்கு அப்புறம் எங்கிட்ட வந்து, 'ஒரு ஆப்பிரிக்காக்காரன் கேட்டான், வேண்டாம்னுட்டேன், சரிதானே'ன்னு கேட்டீங்க. நான் சரின்னேன். அதுவும் தப்புத்தான். ஆனா மொதல்ல சொன்னது நானில்ல."

அவள் சொல்வதுதான் சரி. யோசித்துப் பார்க்கிறேன், 27-ஆம் தேதி எழுதும்போது பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லை. மூன்று வருஷத்தில் என் ஞாபகமே நிகழ்ச்சியை மாற்றி அடுக்கி, முதல் "வேண்டாம்"-ஐ அவள் வாயில் வைத்துவிட்டது. வயசுப் பெண் இருக்கிற வீடு என்ற காரணமும் அன்றைக்கு யாரும் சொன்னதில்லை, எழுதும்போது ஒட்டிக்கொண்டது. அந்த வயசுப் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு. அதற்கு முந்தின மாதம் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனை எந்தக் கவலையும் இல்லாமல் வந்து பார்க்கச் சொல்லியிருந்தேன்.

நைஜீரியா என்ற சொல்லைக் கேட்டதும் வாய் தானாகப் பேசியது. இதுதான் நடந்தது.

முந்தைய குறிப்பை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். அவள் கேட்டதும் அதுதான்.

17 ஆகஸ்ட் 2025

வீட்டு ஒதுக்கீடு பற்றிக் கேட்டவருக்கு. 1989-லிருந்து வீவக வீடுகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒரு வட்டாரத்திலும் ஒரு புளோக்கிலும் இந்த இனத்தார் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் கூடாது. சீனர் வட்டாரத்தில் 84, புளோக்கில் 87. மலாய்க்காரர் 22, 25. இந்தியரும் மற்றவரும் 10, 13. ஓர் இனம் ஒரே இடத்தில் குவிந்து பேட்டையாகக் கூடாது என்பது நோக்கம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் மகளின் தோழிகள் பட்டியலே அதற்குச் சாட்சி.

விற்கும்போதுதான் இடிக்கும். என் சித்தப்பா மகன் வீட்டை விற்கப் பார்த்தான். அவன் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது. சீனர் ஒருவர் விற்றால் சீனர் வாங்கலாம், கணக்கு மாறாது. இவன் விற்றால் சீனர் வாங்க முடியாது, கணக்கு ஏறும். நாட்டில் நாலில் மூன்று பேர் சீனர், அந்த மூன்று பேரையும் கழித்துவிட்டு மிச்சத்தில் ஆள் தேடணும். ஏழு மாதம் அலைந்து விலையை இறக்கித்தான் விற்றான். இப்படி மாட்டிக்கொள்பவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் வழியை 2022-ல் கொண்டுவந்தார்கள், அவன் விற்றது அதற்கு முன்னால்.

அவனிடம் இதைப் பேசவே முடியாது. "நல்ல கொள்கைதான்" என்று நான் ஆரம்பித்தாலே போதும். நல்லதற்கான பில் தன் பெயரில் வந்தவனிடம் பொருளின் தரத்தை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

18 ஆகஸ்ட் 2025

இந்தியருக்கும் மற்றவருக்கும் நான் போட்ட 10, 13 பழைய கணக்கு. 2010 மார்ச்சிலிருந்து 12, 15. சுட்டிக்காட்டியவர் சரி.

24 ஆகஸ்ட் 2025

"நீங்கள் சீன நண்பர்களிடம் இதைப் பேசியதுண்டா?" உண்டு, ஒரே ஒருமுறை.

2021 ஜூன். அப்போது நிதியமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங், எந்தப் பல இனச் சமூகத்திலும் சிறுபான்மையாக இருப்பது பெரும்பான்மையாக இருப்பதைவிடக் கடினம் என்று ஓர் உரையில் வெளிப்படையாகச் சொன்னார். இன்று அவர் பிரதமர். அலுவலகத்தில் பத்து வருஷம் எதிர் மேசையில் இருக்கும் நண்பர் அதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: உனக்கு நிஜமாகவே அப்படி நடந்திருக்கிறதா? பதினொரு அழைப்புக் கதையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. முதலில் "அந்தக் காலம், கிழவர்கள்" என்றார். பிறகு தன் அப்பாவும் ஓர் அறையை வாடகைக்கு விட்டதைச் சொன்னார். பிறகு பேச்சே இல்லை, சிக்கன் ரைஸ் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் நான் அவர் தோளைத் தட்டி, உன் அப்பா அப்படி இருந்திருக்க மாட்டார் என்று ஆறுதல் சொன்னேன். கோப்பிக்கும் நானே காசு கொடுத்தேன்.

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது அவர் ஒருவர்தான். 27 ஜூலைக் குறிப்பை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

7 செப்டம்பர் 2025

"கிளிங்" பற்றி. மலாயில் நம்மைக் குறிக்கும் பழைய சொல், கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அதே பெயரில்தான் நிற்கிறது. இங்கே கிளிங் ஸ்ட்ரீட் 1920-களின் தொடக்கத்திலேயே சூலியா ஸ்ட்ரீட் ஆகிவிட்டது. ஒரே சொல், கோயில் குளத்தில் இருந்தால் வரலாறு, பேருந்து நிறுத்தத்தில் விழுந்தால் வசை.

நம் பக்கக் கணக்கையும் போடுங்கள். எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து எதிரே இருப்பவரின் மூக்கைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் தமிழில் சத்தமாகப் பேசாத ஆளை எனக்குக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரியாது என்ற தைரியம். என் மாமியார் ஊரிலிருந்து வந்தபோது செய்ததை இங்கே எழுத மாட்டேன், அவரும் இந்த இழையைப் படிக்கிறார் என்று தகவல்.

19 அக்டோபர் 2025

நாளை தீபாவளி. குடியிருந்த பையன் மாதக் கடைசியில் காலி செய்கிறான், அறைக்கு மறுபடி விளம்பரம் எழுத உட்கார்ந்தோம். அதிரசத்துக்குப் பாகு காய்ந்துகொண்டிருந்தது.

நான் தட்டினேன்: ஒற்றை அறை, ஏசி, எம்ஆர்டி ஐந்து நிமிடம், லைட் குக்கிங். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"லைட்னா என்ன? ரசம் லைட்டா?"

"எல்லாரும் போடுறதுதான்."

"அதான் கேக்குறேன்."

எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் "கருவாடு வேண்டாம்" என்று போட்டேன். குறிப்பாகச் சொல்வதுதானே நேர்மை, சுவரைக் காட்டின கிழவர் மாதிரி.

"அப்ப உங்கம்மா ஜனவரில வந்தா என்ன பண்றதா உத்தேசம்?"

கருவாட்டையும் எடுத்துவிட்டேன். விளம்பரம் இன்னும் போகவில்லை. நைஜீரியாக்காரர்கள் சமைக்கும் ஜோல்லோஃப் சோறு எப்படி இருக்கும் என்று மகள் யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிரியாணிக்கு மணம் வராதா என்கிறாள். பாகு முறிந்துவிட்டது, போகிறேன்.